பாட்டுக் குறிகளின் வரலாறு: ஏட்டிலிருந்து கணிப்பொறி வரை

பொன்விழாக் காணும் நம் பங்கின் மலருக்கு வரலாற்றுக் கட்டுரை ஒன்று தரும்படி விழாக் குழுவினர் கேட்டபோது நாம் சற்றுத் தயங்கினோம். கோவில் எழுந்த வரலாற்றையும், மணிக்கூண்டு உயர்ந்த வரலாற்றையும் நம்மினும் நன்கறிந்த பெரியவர்கள் இம்மலரில் எழுதுகிறார்கள். ஆகவே வேறொரு பொருளைத் தேடினோம். சென்ற ஆண்டு நம் பாதுகாவலர் திருவிழாவின் கொடியேற்ற நாளன்று நிகழ்ந்த ஒரு சிறு சம்பவமே அப்பொருளை நமக்குத் தந்தது.

அன்று மாலை திருப்பலியில் இருந்தவர்கள் மறந்திருக்க மாட்டீர்கள். காணிக்கைப் பாடலின் இரண்டாம் அடியில் கிட்டார் ஒரு பக்கமும் கீபோர்டு ஒரு பக்கமும் இழுக்க, பாடிக்கொண்டிருந்த மக்கள் ஒவ்வொருவராக நிறுத்திவிட்டார்கள். ஒலிபெருக்கி பழுதாகிவிட்டது என்று சிலர் எண்ணினார்கள். திருப்பலி முடிந்ததும், நாற்பதாண்டுக் காலம் நம் கோவிலில் ஆர்மோனியப் பெட்டி வாசித்த பெரியவர் சக்ரீஸ்துக்கு வந்து, “சாமி, ரெண்டு பேரும் ஒரே பாட்டைத்தானே வாசிச்சாங்க?” என்று கேட்டார். ஒரே பாட்டைத்தான் வாசித்தார்கள். ஆனால் இருவர் கையிலும் இருந்த தாள்கள் வேறு.

கீபோர்டு வாசித்த தம்பி பழைய கையெழுத்து நோட்டைப் பார்த்து வாசித்தார். கிட்டார் வாசித்த தம்பியிடம் இருந்ததோ புதிதாகக் கணிப்பொறியில் அச்சிட்ட தாள். பாடல் ‘எஃப்’ சுதியில் அமைந்தது. அதில் வரவேண்டிய கார்டுகளில் ஒன்று ‘பி ஃபிளாட்’. புதிய தாளில் ‘பி’ இருந்தது. அதன் அருகே இருக்கவேண்டிய ஃபிளாட் குறி இல்லை; அவ்விடத்தில் ஒரு சின்னஞ்சிறு காலிக் கட்டம் மட்டும் இருந்தது. “அழகுக்குப் போட்டிருக்காங்கன்னு நெனச்சேன் ஃபாதர்” என்றார் அந்தத் தம்பி. பி ஃபிளாட் என்னும் கார்டில் பி ஃபிளாட், டி, எஃப் ஆகிய மூன்று சுரங்கள் சேர்ந்து ஒலிக்கும். வெறும் பி என்றாலோ பி, டி ஷார்ப், எஃப் ஷார்ப். மூன்று சுரங்களுமே அரைச் சுரம் விலகிவிடுகின்றன. ஒரு குறி போனதால் மூன்று சுரங்களும் போயின. மூன்று சுரங்கள் போனதால் முந்நூறு பேரின் வாய் அடைத்தது.

இது எப்படி நேர்ந்தது என்று ஆராயப் புகுந்தபோது, இதற்குப் பின்னால் ஆயிரம் ஆண்டுகளுக்கு மேற்பட்ட வரலாறு இருப்பதைக் கண்டோம். அவ்வரலாற்றில் பெரும்பகுதி திருச்சபையின் வீட்டிலேயே நடந்தது என்பதும் நமக்கு மகிழ்ச்சி அளித்தது. அதையே இங்கு சுருக்கமாகத் தருகிறோம்.

குரலே ஏடாக இருந்த காலம்

ஏழாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வாழ்ந்த செவில் நகர ஆயர் புனித இசிதோர், ஓசைகளை எழுதி வைக்க இயலாது. மனிதன் தன் நினைவில் காக்காவிட்டால் அவை அழிந்துபோகும் என்று எழுதி வைத்தார். அன்று அது முழு உண்மை. துறவு மடங்களில் ஆண்டு முழுமைக்கும் உரிய பாடல்களைத் துறவிகள் மனப்பாடமாகவே கற்றார்கள். கற்பித்தவர் இறந்தால் அவரோடு பாடலும் இறந்தது.

ஒன்பதாம் நூற்றாண்டில் வார்த்தைகளின் தலைக்குமேல் சிறு கோடுகளும் கொக்கிகளும் இடும் வழக்கம் தோன்றியது. ‘நியூம்’ என்று இக்குறிகளைச் சொல்வர். இப்போது சுவிட்சர்லாந்தில் உள்ள சங்கத் கல்லன் மடத்துச் சுவடிகள் இவற்றுக்குப் பேர்பெற்றவை. குரல் ஏறுகிறதா, இறங்குகிறதா என்பதை அவை காட்டின. எவ்வளவு ஏறுகிறது என்பதைக் காட்டவில்லை. பாட்டை முன்பே அறிந்தவனுக்கு அவை நினைவூட்டும். அறியாதவனுக்கு ஒன்றும் சொல்லா.

கோடு கிழித்த துறவி

இக்குறையைத் தீர்த்தவர் கீதோ என்னும் இத்தாலியத் துறவி. பொம்போசா மடத்தில் இருந்து, பின்னர் அரெஸ்ஸோ நகருக்கு வந்தவர். 1020-களில் இவர் கோடுகளைக் கிழித்து, கோட்டின்மேலும் இரு கோடுகளின் இடையிலும் குறிகளை அமர்த்தினார். ஒரு கோட்டுக்கு மஞ்சள், ஒரு கோட்டுக்குச் சிவப்பு என்று வண்ணமும் தீட்டினார். எந்தக் கோடு எந்தச் சுரம் என்பது இதனால் யாவருக்கும் தெளிவாயிற்று. ஸ்நாபக அருளப்பர் மீது பாடப்பட்ட இலத்தீன் கீதம் ஒன்றின் அடிகளில் முதல் அசைகளை எடுத்து, ‘உத், ரே, மி, ஃபா, சோல், லா’ என்று சுரங்களுக்குப் பெயரிட்டவரும் இவரே. நம்மவர் ‘ச ரி க ம’ என்று பயில்வதுபோல மேல்நாட்டார் அதனைப் பயின்றனர்.

பாப்பரசர் பத்தொன்பதாம் அருளப்பர் கீதோவை உரோமைக்கு அழைத்து, அவர் கொண்டுவந்த நூலைப் பார்த்து, தாம் ஒருபோதும் கேட்டிராத ஓர் அடியைத் தாமே பாடிப் பார்த்து வியந்தார் என்று கீதோவே ஒரு கடிதத்தில் எழுதியிருக்கிறார். கேட்டிராத பாட்டைப் பார்த்துப் பாட முடிந்தது! இசிதோர் சொன்ன குறை அன்று நீங்கிற்று. நாம் குருமடத்தில் பயின்றபோது, நூலகத்தில் இருந்த பழைய கிரகோரியப் பாடல் நூலின் நான்கு கோடுகளையும் சதுரச் சுரங்களையும் விரலால் தடவிப் பாடியது நினைவுக்கு வருகிறது. அக்கோடுகள் கீதோவின் கோடுகளின் வழி வந்தவையே.

இரண்டு விதமான ‘பி’

நம் கொடியேற்ற நாளில் காணாமற்போன குறியும் அக்காலத்தில் பிறந்ததே. அன்றைய பாடல் முறையில் ‘பி’ என்னும் சுரம் மட்டும் இரண்டு விதமாகப் பாடப்பட்டது. இறங்கி மெலிந்து ஒலிப்பது ஒன்று. நிமிர்ந்து ஒலிப்பது மற்றொன்று. மெலிந்ததை உருண்டை வயிறு உடைய ‘பி’யாகவும், நிமிர்ந்ததைச் சதுர வயிறு உடைய ‘பி’யாகவும் எழுதினார்கள். உருண்டை ‘பி’தான் இன்றைய ஃபிளாட் குறி. சதுர ‘பி’யிலிருந்து நேச்சுரல் குறியும் ஷார்ப் குறியும் வளர்ந்தன. சதுர ‘பி’ பார்வைக்கு ‘ஹெச்’ போல இருந்ததால், ஜெர்மானியர் அச்சுரத்தை இன்றும் ‘ஹெச்’ என்றே சொல்கின்றனர். அவர்கள் நூலில் வெறும் ‘பி’ என்றிருந்தால் அது நமது பி ஃபிளாட்!

ஆகவே குறி என்பது தானாகப் பேசுவதன்று. எழுதுகிறவரும் படிக்கிறவரும் ஓர் உடன்படிக்கைக்குள் நின்றால்தான் அது பேசும்.

தமிழ் மக்களாகிய நமக்கு இது புதிய செய்தி அன்று. பண்டை ஏட்டுச் சுவடிகளில் எகர ஒகரக் குறிலுக்குப் புள்ளி இடுவது முறை. ஓலையில் எழுத்தாணியால் புள்ளி குத்தினால் ஓலை கிழியும் என்று அஞ்சிப் பெரும்பாலோர் புள்ளியை விட்டுவிட்டார்கள். எனவே குறிலா நெடிலா என்று படிப்பவரே ஊகிக்க வேண்டியதாயிற்று. பதினெட்டாம் நூற்றாண்டில் நம் நாட்டில் ஊழியம் செய்த வீரமாமுனிவர், நெடிலுக்குத் தனி வடிவம் தந்து அக்குழப்பத்தை நீக்கினார் என்று பள்ளியில் படித்திருக்கிறோம். கால் இல்லாத ‘எ’யும் கால் உள்ள ‘ஏ’யும் நம் பிள்ளைகளுக்கு இன்று எளிது. அந்த ஒரு கீற்றினால் எத்தனை சொற்கள் பிழைத்தன!

அச்சு வந்தது, கார்டும் வந்தது

அடுத்து வந்தது அச்சு. 1501-இல் வெனிஸ் நகரில் ஒத்தாவியானோ பெத்ருச்சி என்பவர் பல குரல் பாடல்களை ஈய எழுத்துக்களால் அச்சிட்டு நூலாக வெளியிட்டார். கோடுகளை ஒருமுறையும் சுரங்களை மறுமுறையுமாக ஒரே தாளைப் பல தடவை அச்சில் ஏற்றினார். தாள் மயிரிழை விலகினாலும் சுரம் வேறு கோட்டில் போய் அமர்ந்துவிடும். 1528-இல் பாரீசில் பியேர் அத்தேஞா என்பவர், சுரமும் கோட்டுத் துண்டும் ஒட்டிய ஒரே எழுத்தை வார்த்து, ஒரே தடவையில் அச்சிடும் முறையைப் பரப்பினார். அடுத்த ஐம்பதாண்டில், 1578-இல், கொல்லத்தில் அண்டிரிக் அடிகளார் ‘தம்பிரான் வணக்கம்’ என்னும் நூலைத் தமிழ் எழுத்துக்களில் அச்சிட்டார் என்பதும் இவ்விடத்தில் நினைக்கத் தக்கது.

இனி கார்டு என்று நம் பிள்ளைகள் சொல்லும் சுரக்கூட்டுக்கு வருவோம். 1600-ஆம் ஆண்டு உரோமையில் எமீலியோ தே கவலியேரி என்பவரின் ‘ஆன்மாவும் உடலும்’ பற்றிய இசை நாடகம் புனித பிலிப்பு நேரியின் சபையார் கூடும் இடத்தில் நடிக்கப்பட்டது. அவ்வாண்டே அச்சான அதன் நூலில், கீழ்க்குரல் சுரங்களின்மேல் எண்கள் இடப்பட்டிருந்தன. எந்தெந்தச் சுரங்களைச் சேர்த்து ஒலிக்க வேண்டும் என்பதை அவ்வெண்களைக் கண்டே ஆர்கன் வாசிப்பவர் அறிந்தார். பக்கம் நிறைய எழுதுவதை நான்கைந்து எண்களில் அடக்கிவிட்டார்கள். பிற்காலத்தில் ஜெர்மானியக் குருவானவர் வோக்லரும் வேபர் என்பவரும் உரோமை எண்களால் சுரக்கூட்டுகளைக் குறித்தார்கள்.

இருபதாம் நூற்றாண்டில் அமெரிக்காவில் பாட்டுத் தாள்களை விற்றவர்கள், வீட்டில் யுகுலேலேயும் கிட்டாரும் வாசிப்போருக்காக, வார்த்தைகளின்மேல் கார்டின் பெயரையே எழுத்தாக அச்சிட்டார்கள். இது எளிது, ஆனால் பொது விதி கிடையாது. மைனர் என்பதை ஒருவர் சிறிய ‘எம்’ என்றும், ஒருவர் கழித்தல் குறி என்றும் எழுதுவார். மேஜர் செவன்த் என்பதற்கு ஒருவர் முக்கோணம் இடுவார். டிமினிஷ்ட் கார்டுக்கு ஒரு சிறு வட்டம். அவ்வட்டத்தின் குறுக்கே கோடு கிழித்தால் அது வேறு கார்டு.

இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1963-இல் வெளியிட்ட திருவழிபாட்டுச் சட்டம், ஆர்கனுக்குரிய மதிப்பைக் காத்துக்கொண்டே, வழிபாட்டுக்குப் பொருத்தமான பிற இசைக் கருவிகளுக்கும் இடமளித்தது. அதன்பின் உலகெங்கும் பங்குகளில் கிட்டார் நுழைந்தது. நம் பாடகர் குழுவின் நோட்டுகளிலும் வார்த்தைகளின் தலைமேல் ‘ஜி’, ‘டி செவன்’ என்னும் எழுத்துக்கள் குடியேறின.

கணிப்பொறியின் இருக்கைகள்

இப்போது நம் சிக்கலின் வாசலுக்கு வந்துவிட்டோம். கணிப்பொறிக்கு எழுத்தின் வடிவம் தெரியாது, எண்தான் தெரியும். கோவிலில் ஒவ்வொரு குடும்பத்துக்கும் இருக்கை எண் தந்திருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். ‘முப்பதாம் இருக்கையில் இருப்பவரைக் கூப்பிடு’ என்று மட்டுமே கணிப்பொறி சொல்லும். அந்த இருக்கையில் யார் அமர்ந்திருக்கிறார் என்பதை முடிவு செய்வது எழுத்துரு.

1986-இல் அடோபி நிறுவனத்துக்காகக் கிளியோ ஹகின்ஸ் என்னும் அம்மையார் ‘சொனாட்டா’ என்ற இசை எழுத்துருவை வரைந்தார். இசைக்கென்று தனி இருக்கைகள் அன்று இல்லாமையால், ஆங்கில எழுத்துக்களின் இருக்கைகளிலேயே இசைக் குறிகளை அமர்த்தினார். சிறிய ‘பி’யின் இடத்தில் ஃபிளாட், ‘என்’ இடத்தில் நேச்சுரல் என்று, நினைவில் நிற்கும்படி அமைத்திருந்தார். 1988-இல் ‘ஃபினாலே’ என்னும் மென்பொருளும், 1993-இல் ‘சிபேலியஸ்’ என்னும் மென்பொருளும் வெளிவந்தன. ஃபினாலேயின் முதல் எழுத்துருவுக்கு வெனிஸ் அச்சாளரை நினைந்து ‘பெத்ருச்சி’ என்றே பெயரிட்டார்கள். ஆனால் எழுத்துருக்கள் பெருகப் பெருக, அபூர்வக் குறிகளை ஒவ்வொருவரும் தத்தம் விருப்பப்படி அமர்த்தினர். கார்டு எழுத்துருக்களின் நிலை இன்னும் மோசம். ஓர் எழுத்துருவில் வட்டக்குறி இருந்த இருக்கையில் மற்றொன்றில் வேறெதுவோ இருந்தது.

நம் தமிழ் எழுத்துருக்களும் இதே துன்பத்தைப் பட்டவைதாம். பாமினியில் அடித்த கலியாண ஓலை, அந்த எழுத்துரு இல்லாத கணிப்பொறியில் பொருளற்ற ஆங்கில எழுத்துக் குவியலாக வந்ததைப் பார்த்தவர்கள் நம்மில் பலர் உண்டு. உலக மொழிகள் அனைத்துக்கும் நிலையான இருக்கை தரும் யூனிகோடு முறையில் 1991-லேயே தமிழுக்கு இடம் கிடைத்திருந்தும், அது தமிழ்நாட்டு அரசின் ஆணையாக வந்தது 2010-இல்.

யூனிகோடில் ஃபிளாட், நேச்சுரல், ஷார்ப் ஆகிய மூன்றுக்கும் தொடக்கத்திலேயே இடம் தரப்பட்டது. 2001-இல் இசைக் குறிகளுக்கென ஒரு தனித் தொகுதி சேர்க்கப்பட்டது. அச்சிடுவோருக்கு வேண்டிய ஆயிரக்கணக்கான குறிகளுக்கு அதுவும் போதவில்லை. ஆகவே 2013-இல் ஸ்டைன்பெர்க் நிறுவனத்தின் டேனியல் ஸ்பிரெட்பரி, யூனிகோடில் தனியார் பயனுக்கென ஒதுக்கிய பகுதியில் இசைக் குறிகளை ஒழுங்காக அமர்த்தும் ‘ஸ்மஃபிள்’ என்னும் பொதுவிதியை வெளியிட்டார். ‘பிரவுரா’ என்னும் எழுத்துருவையும் விலையின்றித் தந்தார். கீதோ கோடு கிழித்ததற்கு நிகரான உடன்படிக்கை இது என்று சொன்னால் மிகையாகாது.

கொடியேற்ற நாளில் நடந்தது இப்போது விளங்கும். பாடலைத் தட்டச்சு செய்த தம்பி, கையெழுத்துப் போன்ற அழகிய கார்டு எழுத்துரு ஒன்றைத் தனியே தேடித் தம் கணிப்பொறியில் சேர்த்திருந்தார். அச்சிட்டதோ நம் பங்கு அலுவலகக் கணிப்பொறியில். மென்பொருளோடு வந்த இசை எழுத்துரு இரண்டிலும் இருந்ததால் கோடுகளும் சுரங்களும் சரியாக வந்தன. கார்டு எழுத்துரு மட்டும் அலுவலகத்தில் இல்லை. கணிப்பொறி சும்மா இருக்காமல் வேறொரு சாதாரண எழுத்துருவை அழைத்தது. ‘பி’ என்ற எழுத்து அதில் இருந்தது. ஃபிளாட் குறியின் இருக்கையில் எவரும் இல்லை. காலி இருக்கையைத்தான் நாம் காலிக் கட்டமாகக் கண்டோம். பிழை அலுவலகத்துடையது; ஆகவே பொறுப்பு நம்முடையது.

ஆயினும் ஓர் ஆறுதல். கோப்பைத் திறந்து பார்த்தபோது, உள்ளே அது பி ஃபிளாட் என்றே பதிவாகி இருந்தது. கார்டு எழுத்துருவை மென்பொருளோடு வந்த எழுத்துருவுக்கு மாற்றிய மறுகணம், குறிகள் யாவும் திரும்பி வந்தன. குறி சாகவில்லை, உடுத்த உடைதான் கிடைக்காமல் இருந்தது.

பாடகர் குழுவினருக்குச் சில யோசனைகள்

இந்த அனுபவத்தில் கற்றவற்றை மற்றப் பங்குகளுக்கும் பயன்படும் என்று கருதிக் குறிக்கிறோம்.

முதலாவது, கார்டை வெறும் வார்த்தையாகத் தட்டச்சு செய்யாமல், மென்பொருளில் கார்டுக்கென உள்ள வசதியின் வழியாகவே இடுக. அப்போதுதான் கணிப்பொறி அதைக் கார்டு என்று அறியும். சுதியை மாற்றினால் கார்டும் சேர்ந்து மாறும்.

இரண்டாவது, மென்பொருளோடு வரும் எழுத்துருவையோ, ஸ்மஃபிள் விதிக்கு உட்பட்ட எழுத்துருவையோ பயன்படுத்துக. அழகிய எழுத்துரு வேண்டுமெனில், அச்சிடும் கணிப்பொறியிலும் அதைச் சேர்த்த பின்னரே அச்சிடுக.

மூன்றாவது, வேறிடத்துக்கு அனுப்பும்போது மூலக் கோப்பை மட்டும் அனுப்பாமல், எழுத்துருக்களை உள்ளடக்கிய பிடிஎஃப் கோப்பாக அனுப்புக.

நான்காவது, ‘மியூசிக் எக்ஸ்எம்எல்’ என்னும் பொதுவடிவில் ஒரு படி சேமித்து வைக்க. அது கார்டின் படத்தை அன்று, பொருளையே சேமிக்கிறது. ஃபினாலே மென்பொருளின் வளர்ச்சி 2024 ஆகஸ்டில் நிறுத்தப்பட்டுவிட்டது. அதில் பாடல்களை வைத்திருப்போர், திறக்க முடிகிற காலத்திலேயே மாற்றிக்கொள்வது நலம்.

ஐந்தாவது, அச்சான தாளைக் கண்ணால் மட்டும் பாராமல், திருவிழாவுக்கு முன் வாசித்தும் பாருங்கள். கண்ணுக்குத் தப்பியது காதுக்குத் தப்பாது.

முடிவாக

இவ்வளவும் ஒரு சிறு குறிக்காகவா என்று சிலர் கேட்கலாம். நம் கோவிலின் முதல் பாடகர் குழுவை நடத்திய ஆசிரியர், நம் பாதுகாவலர் மீது இயற்றிய பாடல்கள் ஒரு பழைய நோட்டில் உள்ளன. அவற்றுள் ஏழு பாடல்களுக்கு வார்த்தைகள் மட்டுமே எஞ்சியிருக்கின்றன. கார்டும் இல்லை, சுரமும் இல்லை. அவற்றின் மெட்டை அறிந்தவர்கள் இன்று நம் பங்கில் இரு பாட்டிமார் மட்டுமே. ஒருவருக்கு எண்பத்து மூன்று வயது; மற்றவருக்குக் காது மந்தம். இசிதோர் ஆயரின் வார்த்தை நம் தெருவிலேயே மெய்யாகிக்கொண்டிருக்கிறது!

அன்று தவறு செய்த அதே இளைஞர்கள், இப்போது ஞாயிறுதோறும் அப்பாட்டிமார் வீட்டுத் திண்ணையில் அமர்ந்து, அவர்கள் பாடப் பாடச் சுரம் எழுதி வருகிறார்கள். நான்கு பாடல்கள் முடிந்துவிட்டன. ஆர்மோனியப் பெரியவர் ஒவ்வொன்றையும் வாசித்துப் பார்த்துச் சரி என்று சொன்ன பிறகே அவை கோப்பில் ஏறுகின்றன. மீதி மூன்றும் பொன்விழா ஆண்டு நிறைவுறுமுன் முடிய வேண்டும் என்பது நம் ஆசை.

பங்கு மக்களுக்கு நம் வேண்டுகோள் ஒன்றே. உங்கள் வீட்டுப் பெட்டியில், பரணில், பழைய பாட்டு நோட்டு ஏதேனும் இருந்தால், கரையான் தின்னுமுன் அலுவலகத்துக்குக் கொண்டு வாருங்கள். படியெடுத்துக்கொண்டு பத்திரமாகத் திருப்பித் தருவோம். இன்னும் ஐம்பது ஆண்டுகள் கழித்து நூற்றாண்டு விழாக் கொண்டாடும் நம் பேரப்பிள்ளைகள், நாம் பாடிய பாட்டை நாம் பாடிய சுதியிலேயே பாடட்டும். பி ஃபிளாட், பி ஃபிளாட்டாகவே ஒலிக்கட்டும்.